பைபர் போட்ட படகு

ஏப்ரல் 14

நாளையிலிருந்து கடல் அடைப்பு. இரண்டு மாதத்துக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலமாம். மீனுக்குப் பேறுகாலம், தூத்துக்குடியில் பாதிப் பேருக்குப் பட்டினிக் காலம். என் வீட்டுக்காரர் இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார். சண்டை போட ஆள் இருக்கிறது, நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஐஸ் கம்பெனியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி பரணில் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வெள்ளைத்தாள். அந்த மாதங்களில் நம் படகு ஓடிய நாளைவிட ரிப்பேரில் நின்ற நாள்தான் அதிகம்.

ஏப்ரல் 17

எங்கள் படகு ஸ்டெல்லா மாரீஸைக் கரையேற்றினார்கள். நான் சாப்பாடு கொண்டு போனேன். தண்ணீரில் நிற்கும்போது பச்சைப் பெயிண்டும் கொடியுமாகக் கல்யாண வீட்டுக்காரி மாதிரி இருப்பாள். மேலே ஏற்றி அடிவயிற்றைப் பார்த்தால் சிப்பியும் பாசியும் ஒட்டுப்போட்ட தழும்பும்தான். என் அண்ணன் பிலவேந்திரன்தான் இந்தப் படகுக்கு டிரைவர். படகை மேலே இழுக்கிற விஞ்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "ஏ அமலி, ஒன் சக்களத்தியப் பாத்தியா? எவ்வளவு நக போட்டாலும் பத்தாதுங்கா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவர், "இந்த வருசம் பெரிய வேல ஒண்ணும் இல்ல. சில்லறை வேலதான்" என்றார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும்.

ஏப்ரல் 20

கியர் பாக்ஸ் போய்விட்டது. என் இரண்டு வளையலும் போய்விட்டன.

ஏப்ரல் 23

கியர் பாக்ஸைக் கழற்றிய மெக்கானிக் இன்னொன்று சொன்னானாம். இன்ஜினை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டை முறுக்கினால் முறுக்கிக்கொண்டே போகிறதாம். மரம் பிடிக்கவில்லை. "ஓடாவியக் கூட்டிட்டு வந்து காட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்தப் படகுக்கு ஒன்றைச் செய்யப் போனால் இன்னொன்று கிளம்பும். டைனமோ மாற்றினால் பேட்டரி போகும். பேட்டரி வாங்கினால் ஷாஃப்ட் வளையும். ஷாஃப்ட்டை நிமிர்த்திக்கொண்டு வந்தால் வலை ரோலர் உடையும். கல்யாணம் ஆகி வந்த புதிதில் மாமியார் இப்படித்தான் ஒரு வேலை முடியும் முன்னே அடுத்ததைச் சொல்வார். அவருக்காவது இரவில் தூக்கம் வரும்.

ஏப்ரல் 25

படகு கட்டுகிற தச்சரை இங்கே ஓடாவி என்போம். சவரிராயன் மேஸ்திரி வந்தார். மரம் செதுக்குகிற வாச்சியின் பின்பக்கத்தால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே நடந்தார். முன்பக்கம் டங் டங் என்றது. நடுவில் வந்ததும் சத்தம் மாறியது. பூசணிக்காயைத் தட்டினாற்போல. மேஸ்திரி நின்றுவிட்டார்.

தண்ணீர் புகாமலிருக்கப் பலகைக்கு மேலே பூசியிருந்த பைபரில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார். உள்ளேயிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. படகு கரையேறி எட்டு நாளாகிறது, வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே தண்ணீர். விரலை விட்டு ஒரு பிடி மரத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஊறிய பிண்ணாக்கு மாதிரி இருந்தது. பிழிந்தால் சொட்டியது.

"பைபரு போட்டா மரம் மூச்சு விடாதுக்கா. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி கெடையாது. புது மரத்துக்குப் போட்டிருந்தா வேற. நீங்க நனைஞ்ச பழைய மரத்துல போட்டு மூடிட்டீய."

இவர், "நாங்க மட்டுமா போட்டோம்? ஊரே போட்டுச்சுல்லா" என்றார்.

உண்மைதான். பலகை இடுக்கில் வருஷாவருஷம் பஞ்சு திணித்து எண்ணெய் விட்டுக் கலப்பத்துப் பார்க்கிற செலவு மிச்சம் என்று ஐந்து வருஷத்துக்கு முன் ஆளாளுக்குப் பைபர் போட்டார்கள். இவரும் போட்டார். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். ஆனால் இவர் எதைத்தான் யோசித்துச் செய்திருக்கிறார்?

ஏப்ரல் 26

அடிப்பலகை முழுவதும், உள்ளே விலா மாதிரி நிற்கிற வங்குக்கட்டைகளில் பாதியும் மாற்ற வேண்டுமாம். மேஸ்திரி சொன்ன தொகைக்குப் பக்கத்து ஊரில் வீட்டு மனையே வாங்கலாம். இவர் ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். யாராவது சாப்பிட வேண்டுமே.

மே 2

பழைய படகு உடைத்து வாங்குகிற ஆள் வந்தார். சுற்றிப் பார்த்தார். இன்ஜினையும் விஞ்சையும் எடைக்கு எடுத்துக்கொள்வாராம். "மரம்?" என்று கேட்டேன்.

"மரம் எதுக்குமா? பைபர் ஒட்டுன மரத்த எரிச்சா நாறும். செங்கச் சூளையில சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டான். அத அள்ளிட்டுப் போறதுக்கு நீங்கதான் வண்டிவாடக குடுக்கணும்" என்றார்.

அந்த ஆளோடு வீட்டுக்கு வந்ததும் இவர் வாசலில் உட்கார்ந்தார். பிறகு, "குடுத்துருவோமா அமலி? விட்டுத் தொலைப்போம். நான் எவன் போட்டுலயாவது கூலிக்குப் போறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டேன். "பதினெட்டு வருசமா இதுக்குள்ள போட்டதெல்லாம்? எங்கம்மா போட்ட நக? வீட்டுப் பத்திரம்? அத யாரு எடுத்துத் தருவா? போட்டத எடுக்காம எப்படி விட?" என்று கேட்டேன்.

"போட்டதுக்காக இன்னும் போடணுமா?" என்றார்.

வந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மே 5

முடிவு செய்தாயிற்று. ரொம்ப மோசமான நாலு பலகையை மட்டும் மாற்றுவது. மற்றதன் மேல் புதிதாக ஒரு சுற்றுப் பைபர். இந்த ஒரு சீசன் ஓடினால் போதும், வருகிற காசில் அடுத்த வருஷம் முழுவதும் மாற்றிவிடலாம். நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். இவர் தலையாட்டினார்.

மேஸ்திரி முதலில் முடியாது என்றார். பிறகு கூலியைக் கேட்டார். பிறகு, "தூரம் போகாதீங்க, கரையோரமாவே ஓட்டுங்க" என்றார். கடலடி வலை இழுக்கிற படகு கரையோரம் ஓடி என்ன கிடைக்கும்? அவருக்கும் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. நல்ல தொழில்.

மே 6

படகைக் கரையேற்றிய மறுநாளே அண்ணன் மாமியார் வீட்டுத் திருவிழாவுக்கு உவரிக்குப் போனவன், இன்னும் வரவில்லை. வருவதற்குள் பைபர் போட்டுவிட வேண்டும் என்கிறார் இவர். "பிலவு பாத்தாம்னா ஏற மாட்டான். அவன் ஏறலன்னா எவனும் ஏற மாட்டான்."

அண்ணனிடம் நான் ஏன் சொல்லப் போகிறேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, ரிப்பேர் நடக்கிறது, அவ்வளவுதான்.

மே 11

பைபர் வேலை. அந்த மருந்து வாடை வீடு வரை வருகிறது. எதைச் சாப்பிட்டாலும் அந்த வாடைதான். வீட்டுப் பத்திரத்தின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கினோம். வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது இவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் போட்டேன்.

சாயங்காலம் பெரிய சண்டை. பைபர் போட்டதே இவருடைய பைத்தியக்காரத்தனம் என்று சொன்னேன். இவர் கத்தவில்லை. மெதுவாக, "நீதான அமலி, எதிர்வீட்டுக்காரவ போட்டுட்டாவ, நம்மளும் போடணும்னு ஒத்தக்கால்ல நின்ன?" என்றார். அந்தப் பேச்செல்லாம் இப்போது எதற்கு.

மே 19

அண்ணன் வந்தான். அவன் மனைவி, என் மைனி, கொடுத்தனுப்பிய பனங்கற்கண்டும் கருவாடும் கொண்டுவந்தான். படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ள, புதுப் பொண்ணா ஆக்கிட்டிய" என்றான். பைபர் வெயிலில் பளபளவென்றிருந்தது. "எந்தப் பலக மாத்துனீய?" என்று கேட்டான். இவர் அந்த நாலையும் காட்டினார். "மத்தது?" "மத்ததெல்லாம் நல்லாருக்கு மாப்ள."

நான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

மே 27

படகுகளைப் பார்வையிட மீன்துறையிலிருந்து வந்தார்கள். நம்பர், பெயிண்ட், லைஃப் ஜாக்கெட், எல்லாம் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து அடியில் தடவிப் பார்த்து, "மரம் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். "ஒரு கொறையும் இல்ல சார்" என்றார் இவர். புதுப் பைபர் போட்டு மூடியபின் எந்த மகாராஜனுக்கும் உள்ளே தெரியாது. நான் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். அந்த மனிதர் நல்ல மாதிரி, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜூன் 3

படகை இறக்கினார்கள். மிதக்கிறது.

ஜூன் 4

மிதக்கிறதுதான், ஆனால் உள்ளே ஏறுகிற தண்ணீரை இறைக்கப் பம்ப் ஓட வேண்டியிருக்கிறது. புதிதாக இறக்கிய படகில் முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், மரம் உப்பினால் நின்றுவிடும் என்கிறார். எந்த மரம் உப்பும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 7

நிற்கவில்லை.

ஜூன் 9

மத்தியானம் அண்ணன் மட்டும் வந்தான். இவர் டீசல் விஷயமாகச் சங்கத்துக்குப் போயிருந்தார். அண்ணன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"உள்ள எறங்கிக் கத்தியால குத்திப் பாத்துட்டேன் பிள்ள. பிடி வரைக்கும் போவுது."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ரொட்ரிகோ அண்ணாச்சி போட்டுக்கு டிரைவர் வேணும்னு கூப்பிடுதாவ. இரும்புப் போட்டு, ரெண்டு வருசத்துப் போட்டு. ஆனா முன்பணம் தர மாட்டாவளாம். மச்சான்ட்ட வாங்குன முன்பணம் அப்படியே கெடக்கு. அத விட்டுக் குடுத்தா நான் போயிருவேன். நீ மச்சான்ட்ட ஒரு வார்த்த சொல்லு பிள்ள."

முன்பணம் என்றால் எங்கள் ஊரில் கால்கட்டு. ஒரு படகில் முன்பணம் வாங்கிய ஆள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு படகில் கால் வைக்க முடியாது. எந்த ஓனரும் ஏற்ற மாட்டார். அண்ணன் போன வருஷம் மூத்தவள் சடங்குக்கும் வீட்டுக் கூரைக்குமாக வாங்கினான். திருப்பித் தர அவனிடம் என்ன இருக்கிறது?

"நீயே கேளேன்ணே" என்றேன்.

"நான் நேரா கேட்டு அவரு இல்லன்னுட்டா, அப்புறம் இந்த வீட்டுப் படிய எப்படி ஏற? நீ கேட்டா வேற."

"சரி, உக்காரு. சோறு போடுதேன்" என்றேன். சாளைக் குழம்பு வைத்திருந்தேன். நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாவது முறை கேட்டு வாங்கினான். கை கழுவும்போது, "பிள்ளைகள நெனச்சாதான் பயமா இருக்கு" என்றான்.

இவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 10

இவருக்குத் தலைவலி. சொல்லவில்லை.

ஜூன் 11

வலை தைக்க ஆள் வந்தார்கள். ஆறு பேருக்குச் சமையல். பேச நேரமே இல்லை.

அண்ணன் போய்விட்டால் படகில் போகிற மற்ற ஆறு பேரும் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள். பிறகு அந்தப் படகை யாரும் தொட மாட்டார்கள். அது அங்கேயே கிடந்து முழுகும். வீட்டுப் பத்திரம் வங்கியில் கிடக்கும். நாங்கள் இருவரும் எங்கே போய் நிற்பது? இதையெல்லாம் அண்ணனும் யோசிக்க வேண்டும். அவனுக்கு அவன் பிள்ளைகள். எனக்கு யார்?

பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று எழுத மாட்டேன்.

ஜூன் 12

கோவிலுக்குப் போனேன். மாதா முகத்தைப் பார்க்காமல் மெழுகுதிரியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 13

மீன் சந்தையில் அண்ணனைப் பார்த்தேன். "கேட்டியா பிள்ள?" என்றான்.

"கேட்டேன்ணே. ஒத்துக்க மாட்டேங்காவ" என்றேன்.

"சரி, அவரு என்ன செய்வாரு, அவரும் முழுகிக் கெடக்காரு" என்றான். என் கையிலிருந்த பையை வாங்கி ஆட்டோ வரை தூக்கி வந்தான்.

ஜூன் 14

பங்குச் சாமியார் வந்து எல்லாப் படகுக்கும் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். நம் படகுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெளித்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

வீட்டுக்கு வந்தபின் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அமலி, பிலவு ஒன்ட்ட ஏதாவது சொன்னானா?"

"எதப் பத்தி?"

"போட்டப் பத்தி. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கேன். என் மொகத்தப் பாக்க மாட்டேங்கான். அவன் மட்டும் வந்து, மச்சான் நான் போகலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், முன்பணமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு விட்ருவேன். சத்தியமா விட்ருவேன். எனக்கே பயமா இருக்கு."

இவர் அழுவார் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அவன் ஒண்ணும் கேக்கல" என்றேன். "காலையில வெள்ளன எந்திரிக்கணும். படுங்க."

ஜூன் 15

காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகும் ஒன்றாகப் புறப்பட்டன. இரண்டு மாதத்துக்குப் பிறகு துறைமுகமே அதிர்ந்தது. பெண்கள் எல்லாரும் கரையில் நின்று கையாட்டினார்கள். மைனி இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை சூடாக இருந்தது. அண்ணன் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து தலையை நீட்டி, "ஏ அமலி, பெரிய விளமீனா வேணுமா, சின்னதா வேணுமா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

அதன் பிறகு துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். பரணைத் துடைத்தேன். மத்தியானம் காற்று கொஞ்சம் கூடியது. கொடியில் காயப்போட்ட சேலை படபடவென்று அடித்துக்கொண்டது. அதை எடுத்து உள்ளே போட்டேன், சத்தம் கேட்க வேண்டாமே என்று. இவர் துறைமுகத்திலேயே இருந்தார். வீட்டுக்கு வரவில்லை. ஆண்டவரே, என் அண்ணனைத் திருப்பிக் கொடும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இன்றைக்கு எத்தனை தடவை அப்படி வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

இருட்டுகிற நேரம் மற்ற எல்லாப் படகும் வந்துவிட்டன. நம்முடையது வரவில்லை. நான் கரைக்கு ஓடினேன். மைனி முன்னமே வந்து நின்றிருந்தாள்.

வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, மெதுவாக, ஒரு பக்கம் தாழ்ந்து வந்தது. ஏழு பேரும் இருந்தார்கள். பம்ப் மத்தியானமே சூடாகி நின்றுவிட்டதாம். மூன்று பேர் வலை பார்க்க, மற்றவர்கள் வாளியால் இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

நல்ல மீன்பாடு. இரண்டு மாதம் மூடிக் கிடந்த கடல் அல்லவா. விளமீன், ஊளி, கணவாய், கூடை கூடையாக இறக்கினார்கள். வியாபாரிகள் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் இவர் முதுகில் தட்டி, "பழைய போட்டுன்னாங்க, பாத்தீயளா அண்ணாச்சி" என்றார். இவர் சிரித்தார். ஏலம் முடிந்து பார்த்தால், இப்படியே இந்த மாதம் ஓடினால் வங்கிக்கு இரண்டு தவணை கட்டிவிடலாம். ஆட்களும் பங்கை வாங்கிக்கொண்டு, காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணன் விளமீனைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தான். உதடெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வேண்டிக்கொண்டேனே. வாயைக்கூடத் திறந்தேன்.

"ஒண்ணு சொல்லணும் பிள்ள" என்றான் அவனே. "இன்னைக்குத் தண்ணி எறைக்கும்போதெல்லாம் நெனச்சேன். மச்சான் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ எனக்காக அவரு கால்ல விழாத கொறையா கேட்டிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன. அது போதும் எனக்கு."

பையை என் கையில் கொடுத்தான். மீன் இன்னும் கனமாக, குளிர்ந்திருந்தது. அவன் மைனியின் தோளில் கை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு நடந்து போனான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறார் இவர். மீன் விற்ற காசு டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்கள் பங்குக்கும் போய்விட்டது. மிச்சம் இருப்பது என் தாலிச் செயின்தான். கழற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன். அடகுக் கடையும் பம்ப் கடையும் ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும். படகு ஐந்து மணிக்குப் போய்விடும்.